இரு இயர்போன்களை ஒப்பிடும் முறை

கம்பியால் இணைக்கப்பெறும் விலையுயர்ந்த இரு இயர்போன்களுள் சிறந்தது எது? ஒலித்திருகியை ஒரே நிலையில் வைத்தாலும், மின்தடையும் உணர்திறனும் வேறுபடுவதால் ஒன்று உரத்தும் மற்றது தணிந்தும் ஒலிக்கும். உரத்ததையே செவி மெச்சும். ஏனெனில், ஒலி தணியுந்தோறும் தாழ்ந்த சுருதிகள் பிறவற்றினும் விரைவில் மங்குகின்றன. இதனை அமெரிக்கரான பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். றப்பர் முனை காதுத்துளையை இறுக மூடாவிடினும் அச்சுருதிகளே குன்றும். ஆதலின், முனையைச் செவ்வனே பொருத்தி, இரண்டின் ஒலியளவையும் ஒலிமானிகொண்டு சமப்படுத்திய பின்னரே, மிருதங்கத்தின் தொப்பி ஒலியைக் கேட்டுத் தீர்ப்புக் கூறல் தகும். தெளிவு வேண்டி ஒலியை ஏற்றிக்கொண்டே செல்வது ஆபத்தாகும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கும் வயதுவந்தோருக்கு 80 டெசிபெலே வரம்பென உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வகுத்தது. கெட்ட செவிக்கு எவ்விலையிலும் நல்ல கருவி இல்லை.