எண்ணெய் அள்ளிய கைக்குக் கணக்கு எங்கே?

காலடிப்பேட்டைக்கு மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, தெற்கே தண்டையார்பேட்டை எரிபொருள் கிடங்குகள். துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போகும் குழாய்கள் தெருவுக்கு அடியில்தான் ஓடுகின்றன. 2013இல் தண்டையார்பேட்டையில் அப்படி ஒரு குழாய் கசிந்து, வீட்டு போர் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது.

கசிந்ததை யாராவது அள்ளித்தானே ஆக வேண்டும்? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர் கரையில் கெட்டியாக ஒதுங்கிய எண்ணெயை இயந்திரத்தால் உறிஞ்ச முடியவில்லை. வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அப்போதும் வாளியும் குவளையும்தான். சாக்கடையானாலும் கச்சா எண்ணெயானாலும், 'இறங்கு' என்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அமெரிக்காவில் நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவுக்கென்றே 1986 முதல் தனி நிதி இருக்கிறது. ஒரு காலன் எரிபொருளுக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு அதற்கு வரி. பல மாநிலங்களில், சுத்தம் செய்த செலவுக்கு ரசீது காட்டினால் தொட்டியின் உரிமையாளருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். முதலாளியின் செலவுக்கு ரசீது உண்டு. கூலிக்கு இறங்கியவரின் தோலுக்கும் நுரையீரலுக்கும் ரசீது யார் தருவது?

2023 கசிவுக்குத் தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால் எண்ணெய் அள்ளியவரின் உடம்புக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அதையே சொல்கிறது. நோய், மருத்துவச் செலவு, வேலை இழப்பு எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாம். கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் 5 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் கசிவுக்கு 2028 டிசம்பரோடு கெடு முடிகிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழோடு மனு கொடுத்தால் போதும்.

வேண்டியது ஆதாரம். எந்தத் தேதியில், எங்கே, யார் சொல்லி இறங்கினோம், என்ன கூலி, கையுறையும் பூட்ஸும் கொடுத்தார்களா என்பதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். போனில் எடுத்த படங்களை அழிக்கக் கூடாது. அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் எண்ணெய் அள்ளிய விவரத்தைச் சொல்லி ஓபி சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நம் தெருவின் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கணக்கை எழுதித் தரலாம். ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும். கெடு முடிவதற்குள் தொடங்குவோம்.