இல்வாழ்க்கையும் பின்னல் வேலையும்

கைத்தொழில்களுள் சில பட்டறையில் நிகழ்வன. சில வயலில் நிகழ்வன. வேறு சிலவோ அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் இடையே, ஒருவர் கண்ணிலும் படாது நிகழ்வன. பின்னல் வேலை இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. பட்டறை வேலைக்குக் கூலி உண்டு. வயல் வேலைக்கு விளைவு உண்டு. வீட்டிற் பின்னுவார்க்கோ, ‘சும்மா இருக்கும் நேரத்திற் பொழுது போக்குகிறாள்’ என்னும் சொல்லே பெரும்பாலும் பரிசாகக் கிடைக்கின்றது. இச்சொல் பொருந்துமா என்பதைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி இல்லங்களை மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னல் என்பது யாது?

தமிழில் பின்னல் என்னும் சொல் மிக விரிந்த பொருளுடையது. கூந்தலைப் பின்னுகிறோம், ஓலையைப் பின்னிக் கூடையும் தடுக்கும் ஆக்குகிறோம், கட்டிற்குக் கயிறு பின்னுகிறோம், நூலைப் பின்னி ஆடையாக்குகிறோம். இவற்றுள் நூற்பின்னல் நெய்தலினின்றும் வேறுபட்டது. நெய்தலில் பாவு, ஊடை என இருவகை இழைகள் உண்டு. அவை ஒன்றையொன்று குறுக்கிட்டு நேராக ஓடும். பின்னலில் உள்ளது பெரும்பாலும் ஒரே நூல். அந்நூலைக் கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணியின் ஊடே மற்றொரு கண்ணியை இழுத்து, வரிசை மேல் வரிசையாக ஏற்றுவதே அத்தொழிலின் முழு இரகசியமும் ஆகும். வாசலிற் சிக்குக் கோலம் இடும் மாதர்க்கு இதனை நெடிது விளக்க வேண்டுவதில்லை. ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஓவியமாவதைப் போலவே, ஒரே நூல் தன்னைத்தான் சுற்றி வளைந்து துணியாகின்றது.

நூல் இவ்வாறு வளைந்து கிடத்தலால், இழுத்தவிடத்து நீண்டு, விட்டவிடத்து மீளும். வேட்டி நீளாது, பனியன் நீளும், காரணம் இதுவே. பின்னல் குளிர் நாட்டார்க்கே உரியது என்று கருதுவோர், தாம் அணிந்திருக்கும் பனியனைச் சற்றே உற்று நோக்குவாராக. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னலாடைகளுள், எகிப்து நாட்டிற் கிடைத்த, 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துப் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கன. அவற்றுள் வெண்ணூலும் அவுரிச் சாயம் ஏறிய நீல நூலும் கலந்து பின்னப்பட்டவை உண்டு. ஆதலின், வெயிலும் பருத்தியும் மிகுந்த நாட்டிற்குப் பின்னல் அயலானதன்று.

பின்னும் முறையும் இருவகைப்படும். இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு பின்னுங்கால், ஒரு வரிசைக் கண்ணிகள் யாவும் ஊசியின்மேல் உயிரோடு நிற்கும். நுனியிற் கொக்கியுள்ள குரோஷா ஊசியாற் பின்னுங்கால், பெரும்பாலும் ஒரே கண்ணிதான் அவ்வாறு நிற்கும். முன்னதில் ஒரு கண்ணி நழுவினால், அது கீழ்வரிசைகள் தோறும் ஏணிபோல் இறங்கிச் செல்லும். எனினும் ஒரு கொக்கி ஊசியால் அதனைப் படிப்படியாக மேலே ஏற்றி மீட்டல் எளிது. தவறு பத்து வரிசை கீழே இருப்பதைக் கண்டால், நூலை இழுத்துப் பத்து வரிசையையும் பிரித்து, அதே நூலால் மீண்டும் பின்னலாம். வெட்டிய துணி மீளாது. பின்னிய நூல் மீளும். கைப்பழக்கம் இல்லாதார்க்கும் இத்தொழில் அச்சந் தராதிருத்தற்கு இதுவே காரணம்.

வீட்டுப் பொழுதும் வேலையின் வளர்ச்சியும்

பெரம்பலூர்ப் பகுதி கரிசல் நிலம் மிக்கது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் அங்கு மிகுதியாக விளைகின்றன. அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் ஒருபுறம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் முதலிய ஊர்ப் பக்கங்களில் கைத்தறியும் முந்திரித் தோப்புகளும் மறுபுறம். மானாவாரிப் பருத்தியின் காய் வெடித்தால் பெண்டிரின் பகற்பொழுது பருத்திக் காட்டிற் செல்லும். முந்திரி பழுக்குங் காலத்திற் கொட்டை பொறுக்குதலிலும் உடைத்தலிலும் செல்லும். இவற்றிற்கு முன்னும் பின்னும் வாசல் தெளித்தல், தண்ணீர் பிடித்தல், சமைத்தல், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், ஆடு மாடு பார்த்தல் என்பன உள்ளன. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி ஊதியமின்றி அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். அவ்வாறு ஈடுபடும் ஆடவர் செலவிடுவதோ 97 நிமிடம். எஞ்சிய பொழுது முழுத்துணியாகக் கிடைப்பதில்லை. கந்தற் கந்தலாகவே கிடைக்கின்றது.

இத்தகைய கந்தற் பொழுதிற்கு ஏற்ற தொழில் யாது? தறியை நோக்குக. குழித்தறி ஓர் அறையின் பெரும்பகுதியைக் கொள்ளும். பாவு நீட்டி ஏற்றிய பின் அதனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் செல்லல் இயலாது. பின்னலோ மடியில் அடங்கும். மருத்துவமனை வரிசையிலும் பேருந்து நிலையத்திலும் உடன் வரும். உலை கொதிக்கும் ஓசை கேட்டால் அக்கண்ணியோடு நிறுத்தி, அரிசி களைந்திட்டு வந்து, விட்ட இடத்தில் தொடரலாம். நிறுத்துதற்கும் தொடங்குதற்கும் இதனைப் போன்று இடங்கொடுக்கும் தொழில்கள் சிலவே.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளிற் போலவே இவ்விரு மாவட்டங்களிலும் நூற்பின்னலினும் மிகுதியாகக் காணப்படுவது வயர் கூடையாகும். நெகிழி வயரைக் கட்டுக் கட்டாக வாங்கி, அளவாக நறுக்கி, அடித்தட்டு முதலில் போட்டு, பின் பக்கங்களை ஏற்றி, இறுதியில் கைப்பிடி சுற்றி முடிப்பர். சாதாரண முடிச்சையன்றிச் சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பெயர் பெற்ற முடிச்சு வகைகளும் உண்டு. ஒரு வீட்டிற் கற்ற முடிச்சு, எழுத்தின் துணையின்றியே தெரு முழுதும் பரவும். இதனையும் எந்த முடிச்சிலும் நிறுத்தலாம், எந்நேரத்தும் தொடரலாம்.

நிற்க. தொடங்கிய வேலை எவ்வாறு வளர்கின்றது என்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். பச்சிளங் குழந்தைக்கு மார்கழிப் பனியில் போர்த்துதற்கு 60 செ.மீ. அகலமும் 75 செ.மீ. நீளமும் உள்ள பருத்தி நூற்போர்வை ஒன்று வேண்டுமென்று கொள்க. முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி அளத்தல் வேண்டும். அதில் 10 செ.மீ. அகலத்திற்கு 20 கண்ணியும், 10 செ.மீ. உயரத்திற்கு 28 வரிசையும் இருப்பின், போர்வைக்கு 120 கண்ணி, 210 வரிசை ஆகும். மாதிரி பாராது தொடங்குவோர், தம் கை இறுக்கமாய் இருந்து 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுமாயின், அதே 120 கண்ணியில் 54 செ.மீ.க்குச் சற்று மிகுந்த அகலமே பெறுவர். அரைமணி நேரச் சோம்பலால் பல நாள் உழைப்பு அளவு குன்றும்.

இனி, 120 கண்ணியை 210 வரிசையாற் பெருக்க 25,200 கண்ணி வரும். நடுத்தர வேகத்தில் நிமிடத்திற்கு 20 கண்ணி பின்னுவார்க்கு இது 1,260 நிமிடம், அதாவது 21 மணி நேரம். நாளொன்றுக்கு அரைமணி கிடைக்கும் இல்லத்தாள் இதனை முடிக்க 42 நாள் ஆகும். எந்த ஒரு நாளும் ஐந்து வரிசைக்கு மேல் ஏறுவதில்லை. ஆதலின் அருகிலிருப்பார்க்கு வேலை நிற்பதுபோலவே தோன்றும். ஆயினும், எட்டு மணி நேரத்தை ஒரு நாட்கூலியாகக் கொள்ளின், அப்போர்வையினுள் இரண்டரை நாளுக்கு மேற்பட்ட கூலி மறைந்துள்ளது. இடையிடையே நிறுத்தக் கூடியதாயிருத்தலே பின்னலின் சிறப்பு. அவ்வாறு நிறுத்தி நிறுத்திச் செய்வதனாலேயே அவ்வுழைப்பு பிறர் கணக்கில் ஏறாமற் போகின்றது. தொழிலின் குணமே தொழிலாளிக்குக் குறையாய் முடிகின்றது.

நாகர்கோவில் ரேந்தையும் நரசாபுரம் ரேந்தையும்

இக்கைவேலை கணக்கில் ஏறியபோது நேர்ந்தது யாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. லேஸ் என்று இன்று வழங்கும் பின்னலைப் போர்த்துக்கீசியச் சொல்வழி ரேந்தை என்றனர் நம் முன்னோர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த மால்ட் போதகரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்தனர். அம்மையார் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் ரேந்தை வேலையைக் கற்பித்தார். தலையணைபோன்ற திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளிற் சுற்றிய நூல்களை அவற்றினிடையே மாற்றி மாற்றி முறுக்கிச் செய்வது அவ்வேலை. அதன் விற்பனையாற் பள்ளிக்கு வருவாய் கிடைத்தது. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை வழக்கிலிருந்தது. அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர் தம் விரல்களால் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது 1855ஆம் ஆண்டில்தான். மால்ட் தம்பதியரின் புதல்வி எலைசா அம்மையார் 1844ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்கும் அவ்வேலையைக் கொண்டு சென்றார். நூலும் கையும் ஒன்றே. உழைப்பிற்கு விலை உண்டு என்று ஒருவர் கருதிய அளவில், அதே நூல் ஓர் உயிரின் தளையை அறுத்தது.

மறுபக்கமும் உண்டு. ஆந்திர நாட்டில், மேற்குக் கோதாவரிப் பக்கத்து நரசாபுரத்திலும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வாயிலாகக் கொக்கி ஊசி ரேந்தை பரவிற்று. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்குத் தங்கி ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நாளொன்றுக்குப் பல மணி நேரம் பின்னும் பெண்டிரை, வீட்டில் வீணே கழியும் பொழுதைப் பயன்படுத்துவோர் என்றே வணிகர் கருதினர். அக்கருத்தே மிகக் குறைந்த கூலிக்குக் காரணமாயிற்று. வெளிநாட்டு ஏற்றுமதியின் ஊதியமோ பிறர் கைக்குச் சென்றது என்பது அவர் கண்ட முடிபு. ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல் எத்துணைப் பேர் கூலியைக் குறைக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பொறியின் வரவும் இங்குக் கருதத்தக்கது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் 1589ஆம் ஆண்டில் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையாற் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடுமென்று அஞ்சி, எலிசபெத்து அரசியார் அதற்கு உரிமைப் பட்டயம் அளிக்க மறுத்தாரென்று வழங்குவர். இன்று திருப்பூர் ஆலைகளில் ஓடும் பின்னற் பொறிகள் யாவும் அக்கண்ணியையே மிக விரைவிற் பின்னுகின்றன. விலையிலும் விரைவிலும் அவற்றோடு போட்டியிடக் கையால் இயலாது. எனவே, கைவேலை பொறியின் மலிவை நாடாது, தனக்கே உரிய அளவு, வடிவு, உறுதி என்பவற்றை நாடுதல் வேண்டும். குறிப்பிட்ட குழந்தைக்கென்றே பின்னிய போர்வையும், பல ஆண்டு தாங்கும் கூடையும் அத்தகையன.

கணக்கெழுதும் வழக்கம்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் தொழில் தொழிலென்றே அறியப்பட்டிருந்தமையின், அப்பெருமையைக் கோருதற்கு ஊர்ப்பெயரும் வேலைமுறையும் ஆயத்தமாய் இருந்தன. வீட்டிற் பின்னும் கைகளுக்கு அத்தகைய பதிவு இல்லை. 1989ஆம் ஆண்டில் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை, பெண்டிர் கையிற் கணக்கேட்டைத் தந்தது. 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு மாதம் ரூ.1,000 வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்னாது உரிமைத்தொகை என்று பெயரிட்டது. ஆகவே, வீட்டுழைப்பிற்கு மதிப்புண்டு என்னும் எண்ணம் நாட்டிற் புதிதன்று. அதனை ஒவ்வோர் இல்லத்திலும் கணக்காக்குதலே எஞ்சியுள்ளது.

அதற்கு வேண்டுவது ஒரு சிறு குறிப்பேடு. தொடங்கிய நாள், வாங்கிய நூல் அல்லது வயரின் அளவும் விலையும், மாதிரித் துண்டின் கண்ணிக் கணக்கு, அன்றன்று ஏறிய வரிசை, செலவான நிமிடம், முடித்த நாள் ஆகிய இவற்றை எழுதி வருதல் வேண்டும். இதனால் விளையும் நன்மை மூன்று: அடுத்த வேலைக்கு அளவு தெரியும், வேலை வளர்வது கண்ணுக்குத் தெரியும், விலை கூறுமிடத்து, நூலின் விலையோடு நேரத்தின் விலையையும் சேர்த்துக் கூறும் துணிவு பிறக்கும். எழுத இயலாத தாய்மார்க்கு எழுதித் தருதல் கல்லூரியிற் பயிலும் மக்களின் கடமையாகும்.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், பரண்மேலோ சன்னலோரத்திலோ பாதி முடிந்த கூடையொன்றையோ பின்னலொன்றையோ காண்பீர்களாயின், அதிலுள்ள முடிச்சுகளை ஒருகால் எண்ணிப் பாருங்கள். அதனை முடித்தற்குப் பொழுதில்லாதபடி செய்யும் வேலைகளுள் இரண்டொன்றை, ஆடவராயினும் பெண்டிராயினும், நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கைவேலைப் பொருளை விலைக்கு வாங்குங்கால், மணிக்கணக்கை மனத்திற் கொண்டு பேரத்தைக் குறையுங்கள். பொழுதுபோக்கென்று நாம் பெயரிட்ட ஒன்று, நம் தாயரும் தமக்கையரும் தம் உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் கண்ணி கண்ணியாக எடுத்துக் கோத்த உழைப்பென்பது அப்போது விளங்கும்.