விழுந்துகொண்டே சுற்றும் செயற்கைக் கோள்

மேலே எறிந்த கல் கீழே விழுகிறது. செயற்கைக் கோள் மட்டும் ஏன் விழுவதில்லை? "அங்கே புவியீர்ப்பு விசை இல்லை" என்றே நம்மில் பலரும் விடை சொல்வோம். அது சரியன்று. 300 கிலோமீட்டர் உயரத்திலும், தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. உண்மையில் செயற்கைக் கோளும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது; ஆனால் தரையைத் தொடுவதில்லை. அது எப்படி என்று காண்போம்.

மைதானத்தில் நாம் எறியும் பந்து வளைந்து சென்று விழுகிறது. அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு இயக்கங்கள் உண்டு. ஒன்று, எறிந்த திசையில் முன்னே செல்வது. மற்றொன்று, ஈர்ப்பினால் கீழே விழுவது. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. மாடியிலிருந்து ஒரு கல்லைக் கீழே விட்டு, அதே கணத்தில் இன்னொரு கல்லைப் படுக்கைவாட்டில் வீசுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். வீசிய கல் சற்றுத் தொலைவில் விழும், அவ்வளவே வேறுபாடு. எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழுகிறது.

இப்போது ஒரு மிக உயர்ந்த மலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைப் படுக்கைவாட்டில் சுட்டால் என்னவாகும் என்று சர் ஐசக் நியூட்டன் சிந்தித்தார். வேகம் கூடக் கூடக் குண்டு மேலும் தொலைவில் விழும். ஆனால் பூமி உருண்டை அல்லவா? நேர்கோட்டில் 8 கிலோமீட்டர் சென்றால், தரை அக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தாழ்ந்திருக்கும். ஆகவே குண்டின் வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டர் ஆனால், அது 5 மீட்டர் விழுவதற்குள் தரையும் 5 மீட்டர் தாழ்ந்துவிடும். குண்டு விழ விழத் தரையும் வளைந்து விலகும். இவ்வாறு அது பூமியைச் சுற்றி வரும். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போய், ஒரே விநாடியில் திரும்பிவிடக்கூடிய வேகம் இது!

தரைக்கு அருகில் காற்று இவ்வேகத்தை அனுமதிக்காது. உராய்வினால் பொருள் எரிந்துபோகும். எனவேதான் ராக்கெட் முதலில் நேராக மேலே சென்று, காற்று குறைந்தபின் பக்கவாட்டில் வேகம் பெறுகிறது. நமக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டா இதற்கு ஏற்ற இடம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு அங்கே விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கிழக்கே கடல் இருப்பதால், எரிந்து முடிந்த பகுதிகள் யார் தலையிலும் விழா.

இங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. உயரம் 22 மீட்டர். எடை 17 டன். இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநர். ஒரு வால்வு பழுதானதால், 317 விநாடிகளில் அது வங்காள விரிகுடாவில் விழுந்தது. பல்லாண்டு உழைப்பு கடலில் மூழ்கியது. ஆயினும் விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. பழுதைக் கண்டறிந்து சரிசெய்து, பதினோரு மாதங்களில், 1980 ஜூலை 18 அன்று மீண்டும் ஏவினார்கள். 35 கிலோ எடையுள்ள ரோகிணி தேவையான வேகத்தைப் பெற்று, பூமியை ஏறக்குறைய 97 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றியது. அதாவது, நமது இரண்டு பாடவேளை நேரத்தில் உலகை ஒரு சுற்று! கடலில் விழுந்த ராக்கெட்டையும் வானில் சுற்றிய ரோகிணியையும் இழுத்தது ஒரே ஈர்ப்பு விசைதான். முதலாவதற்குக் கிட்டாத வேகம் இரண்டாவதற்குக் கிட்டியது.

1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா கலத்தினுள் மிதந்ததும் இதனால்தான். அவரும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தபடியால் எடை தெரியவில்லை. நிலவும் இவ்வாறே விழுந்துகொண்டே, ஏறக்குறைய 27 நாட்களில் நம்மைச் சுற்றி வருகிறது.

தோழியரே, அடுத்த முறை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்படும்போது, வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியில் நின்று வடக்கே பாருங்கள். சிறு தீச்சுடர் ஒன்று மேலெழுந்து வலப்புறமாக வளையும். "ஏன் அக்கா நேராகப் போகவில்லை?" என்று தம்பி தங்கையர் கேட்டால், இனி உங்களால் விடை கூற முடியும்.

— பத்தாம் வகுப்பு மாணவி