‘சார்ஜ்’ என்னும் ஒரு சொல்

சந்தாபுராவில் குடியிருந்து அண்டையிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தமிழர் ஒருவர், ஒரே நாளில் ‘சார்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எத்தனை பொருளில் கேட்கின்றார் என்று எண்ணிப் பார்ப்போம். கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்கின்றார் மனைவியார். பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறினால் சார்ஜ் எவ்வளவு என்று வினவுகின்றார் நண்பர். புதிய மேற்பார்வையாளர் அன்று சார்ஜ் எடுத்துக்கொள்கின்றார். உடன் உழைக்கும் ஒருவருக்குச் சார்ஜ் ஷீட் வந்துவிட்டது. எங்கோ லத்தி சார்ஜ் நடந்ததென்று மாலைச் செய்தி கூறுகின்றது. சொல் ஒன்று, செய்திகள் ஐந்து.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்து வழங்கும் ஓசூர்ச் சாலைப் பகுதியில் இத்தகைய ஆங்கிலச் சொற்கள் எல்லார்க்கும் பொதுவாகிவிடுவது இயல்பே. பேச்சில் அதனால் பெருந்தீங்கு இல்லை. கேட்டவர் முகம் பார்த்துப் பொருளை அறிந்துகொள்வார். அச்சடித்த தாளாக அச்சொல் கையில் வந்து சேரும்போதுதான் இடர் தொடங்குகின்றது. அது கட்டணமா, பொறுப்பா, குற்றச்சாட்டா என்பதைத் தாள் தானே எடுத்துரைக்காது.

இச்சொல்லின் பிறப்பை அறிந்துகொண்டால் பாதி மயக்கம் தீரும். இலத்தீன் மொழியில் ‘காருஸ்’ என்பது வண்டி. வண்டியில் சரக்கேற்றுதல் என்னும் வினை பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துள் புகுந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. ‘கார்’ என்பதும், கப்பற் சரக்காகிய ‘கார்கோ’ என்பதும் இதன் உறவினரே. ஆகவே அடிப்படைப் பொருள் சுமையேற்றுதல். மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றினாலும், ஒருவர்மேல் வேலையை ஏற்றினாலும், பழியை ஏற்றினாலும், விலையை ஏற்றினாலும் ஆங்கிலேயர்க்கு அது சார்ஜ்தான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; தமிழரும் அவ்வாறே எண்ணியுள்ளனர். வரியைச் சுமத்தினான், குற்றம் சுமத்தினான், குடும்பத்தை என் தலையில் சுமத்தினான் என்று ஒரே வினையால் மூன்றையும் நாம் சொல்லவில்லையா? ‘பொறுப்பு’ என்னும் சொல்லும் ‘பொறு’ என்பதன் வழி வந்ததே. பொறுப்பது பொறுப்பு, அதாவது தாங்குவது. தமிழ்ப் பகரம் பல சொற்களில் கன்னடத்தில் ஹகரமாக மாறும். பால் ஹாலு ஆவதும், பூ ஹூ ஆவதும் நேயர்கள் நாள்தோறும் கேட்பவை. அவ்வாறே நம் ‘பொறு’, அங்கே சுமத்தலைக் குறிக்கும் ‘ஹொரு’. ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதைக் கன்னடர் ‘ஆரோப ஹொரிஸு’ என்பர். பழியைச் சுமக்கச் செய்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். அண்டை வீட்டார் மொழியில் நம் சொல் மாற்றுடையில் உலவுவதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

பணத்தைப் பற்றிய பொருளுக்கு வருவோம். இங்கே ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் சொற்கள் உண்டு. பயணத்துக்குக் கொடுப்பது ‘ஃபேர்’. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் பள்ளிக்கும் கொடுப்பது ‘ஃபீ’. சாலைக்குக் கொடுப்பது ‘டோல்’. அத்திபெலெ சாவடியைக் கடப்போர்க்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுப்பது ‘பிரைஸ்’. ஒரு பணியைச் செய்துகொடுத்ததற்காகக் கேட்பதே பெரும்பாலும் ‘சார்ஜ்’. எனவே ‘பஸ் சார்ஜ்’ என்பது நம்மவர் ஆக்கிக்கொண்ட வழக்கு. ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஃபேர் என்றே எழுதவேண்டும். தமிழிலோ கட்டணம் என்னும் ஒரு சொல்லே ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போதும். டோலுக்கு மட்டும் சுங்கம் என்னும் பழஞ்சொல் நமக்கு உண்டு. முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே வரலாறு போற்றுகின்றது. கன்னடரும் ‘சுங்க’ என்கின்றனர்.

மின்சாரப் பட்டியலில் காணும் ‘ஃபிக்சட் சார்ஜ்’, நாம் எரித்த மின்சாரத்துக்கு உரியதன்று. இணைப்புக்கு ஒப்பளித்த மின்பளுவைக் கிலோவாட்டுக் கணக்கில் அளந்து விதிப்பது. விடுமுறைக்கு ஊருக்குச் சென்று வீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும் அது வந்தே தீரும். உணவகங்களில் போடும் ‘சர்வீஸ் சார்ஜ்’ வரியன்று. அதனை உணவகத்தார் தாமாகவே பட்டியலில் சேர்த்தலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு சூலையில் நெறிமுறை வகுத்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரியுள் கலந்து மறைந்த ‘சர்வீஸ் டாக்ஸ்’ என்பதோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.

பொறுப்பு என்னும் பொருளில் ஒரு நுட்பம் உண்டு. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பை வகிப்பவர். ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் பிறர் பொறுப்பில் இருப்பவர். இடையில் வரும் ஒரு சிறு சொல் ஆளையே மாற்றிவிடுகின்றது. செவிலி குழந்தைக்கு இன் சார்ஜ். குழந்தை செவிலியின் சார்ஜில். கருநாடக அரசில் மாவட்டப் பொறுப்பு அமைச்சரை ‘உஸ்துவாரி’ அமைச்சர் என்பர். வேறோர் அதிகாரியின் பணியை இடைக்காலமாகப் பார்ப்பது ‘பிரபார’. தடியடியோ ‘லாட்டி பிரஹார’. பகரத்துக்கும் ஹகரத்துக்கும் இடையே நாவு தடுமாறினால், பொறுப்பேற்றவரை அடிவாங்கியவராக்கி விடுவோம்! லத்தி சார்ஜ் என்பதைவிடத் தடியடி என்னும் சொல்லே நேர்மையானது என்பது எமது கருத்து. நடந்தது இன்னதென்று அது மறைக்காமல் சொல்கின்றது.

மிகுந்த கவனம் வேண்டுவது சார்ஜ் ஷீட். இது இரு வேறு இடங்களிலிருந்து வரும். தொழிற்சாலை நிருவாகம் கொடுப்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. இன்ன நாளில் இன்ன குற்றம் செய்ததாகக் கருதுகின்றோம், விளக்கம் தருக என்பதே அதன் சாரம். அது தண்டனை அன்று, தீர்ப்பும் அன்று. அதனைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. ஆனால் பொருள் விளங்காமல் பெட்டியில் வைத்துவிட்டுக் குறித்த நாளைக் கடத்தினால், விசாரணை ஒருதலையாகவே நடந்து முடியக்கூடும். விடை எழுதுங்கால் ‘அட்மிட்’ என்னும் சொல்லுக்கு அஞ்சுக. கடிதம் கிடைத்ததைத் தெரிவிக்க ‘ரிசீவ்’ என்பதே தகும். ‘ஐ அட்மிட் த சார்ஜ்’ என்று எழுதினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே முடியும்.

மற்றொன்று காவல்துறை நீதிமன்றத்தில் அளிப்பது. கன்னடத்தில் ‘தோஷாரோப பட்டி’. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், அதன் இடத்தில் 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையிலும் இது புலனாய்வு முடிந்தபின் தரும் அறிக்கையே. அதனை ஆராய்ந்து நீதிமன்றம் வகுப்பதே உண்மையான ‘சார்ஜ்’. வகுப்பதற்குப் போதிய காரணம் இல்லையெனில் நீதிபதி அவரை ‘டிஸ்சார்ஜ்’ செய்வார். அது விடுவிப்பு. விசாரணை முழுதும் நடந்து குற்றமற்றவர் எனக் கண்டால் அது ‘அக்விட்டல்’, அதாவது விடுதலை. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எம் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு ஓயாத தலைவலி.

டிஸ்சார்ஜ் என்பது ஏற்றிய சுமையை இறக்குதல். மருத்துவமனையில் அது மகிழ்ச்சிக்குரிய சொல், வேலையில் அவ்வாறன்று. ஆயினும் அங்கும் ‘டிஸ்மிஸ்’ என்பது தண்டனையாகிய பணிநீக்கம். டிஸ்சார்ஜ் தண்டனையாக இருக்கவேண்டும் என்பதில்லை. எந்தச் சொல் போட்டிருக்கின்றது என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுக.

சந்தாபுராவைச் சுற்றி மனை வாங்குவோர் மற்றொரு சார்ஜை எதிர்ப்படுவர். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் வருவது இது. அடைமானம் ஆகாமலே, ஒரு தொகைக்கு ஈடாக ஒரு சொத்து நிற்றலை இது குறிக்கும். விற்பவர் ‘நோ சார்ஜ்’ என்று சொன்னால் இலவசம் என்று யாரும் கொள்ளமாட்டார். ஆனால் சொன்ன சொல்லை மட்டும் நம்பலாகாது. நம் ஊரில் வில்லங்கச் சான்று என்பதனைக் கன்னடத்தில் ‘ருணபார பிரமாண பத்ர’ என்பர். ருணம் கடன், பாரம் சுமை. பதிவான நடவடிக்கை இருப்பின் 15ஆம் படிவத்திலும், ஏதும் இல்லையெனில் 16ஆம் படிவத்திலும் அது கிடைக்கும். பதிவாகாத கடன் அதில் தெரியாது. மூலப் பத்திரங்களையும் வரி இரசீதுகளையும் கேட்டு வாங்கி, கன்னடம் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு படித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம்.