ஹெகுபாவுக்கு நாக்கு இல்லை

மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பியர்களுக்குப் போரின் துயரம் என்றதும் நினைவுக்கு வந்த முகங்களுள் முக்கியமானது ஹெகுபாவின் முகம். கிரேக்கக் கதைகளில் இவள் ட்ரோய் நகரின் அரசி. பத்தாண்டுப் போரில் மகன் ஹெக்டரை இழந்தாள். நகரம் வீழ்ந்த இரவில் கணவன் பிரியாம் வெட்டப்பட்டான். மகள் பொலிக்ஸினாவை எதிரிகள் அக்கிலீசின் கல்லறையில் பலியிட்டார்கள்.

கடைசி மகன் பொலிடோரசையாவது காப்பாற்றலாம் என்று, பொன்னும் கொடுத்து, அயல்நாட்டு அரசன் ஒருவனிடம் முன்பே அனுப்பியிருந்தார்கள். ட்ரோய் அழிந்ததும் அந்த அரசன் பிள்ளையைக் கொன்று பொன்னை எடுத்துக்கொண்டான். கணக்காளர்கள் இதை நம்பிக்கை மோசடி என்போம். பிள்ளையையும் காசையும் சேர்த்து இன்னொருவர் கையில் ஒப்படைத்து வழியனுப்பிய பெற்றோருக்கு விளக்கம் தேவையில்லை.

யூரிப்பிடீஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதை நாடகமாக்கினார். எராஸ்மஸின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1506இல் பாரிசில் அச்சாகியது.

ஷேக்ஸ்பியர் 1594இல் வெளியிட்ட லுக்ரீஸ் பற்றிய நெடும் கவிதையில் ஒரு ஓவியம் வருகிறது. அரசன் மகனின் பாலியல் வன்முறைக்கு உள்ளான லுக்ரீஸ், போர்முகாமிலிருந்து கணவன் வரும்வரை ட்ரோய்ப் போரின் ஓவியத்தைப் பார்த்து நிற்கிறாள். அதில் படைகளும் தலைவர்களும் நிறைந்திருக்கிறார்கள். பெருவீரன் அக்கிலீஸ் இருக்குமிடத்தில் ஈட்டி பிடித்த கை மட்டும் தெரிகிறது. அவள் தேடுவது வீரர்களை அல்ல. எல்லாத் துன்பமும் குடியிருக்கும் ஒரு முகத்தை. பிரியாமின் காயங்களையே பார்த்தபடி நிற்கும் கிழவி ஹெகுபாவிடம் அதைக் காண்கிறாள்.

உடனே ஓவியன்மேல் கோபம் வருகிறது. இவ்வளவு துயரத்தைக் கொடுத்தவன் பேச நாக்கைக் கொடுக்கவில்லையே! அந்தக் குறையைத் தன் குரலால் தீர்ப்பதாகச் சொல்கிறாள். பிறகு தனக்கு நடந்ததையும் கணவன் முன் வாய்திறந்து சொல்கிறாள்.

சில ஆண்டுகள் கழித்து எழுதிய நாடகத்தில், ஹெகுபாவுக்காக அழும் நடிகனைப் பார்த்து, அவளுக்கும் இவனுக்கும் என்ன உறவு என்று ஹாம்லெட் வியக்கிறான். லுக்ரீசிடம் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

இழப்புகளின் தொகையைக் கூட்டிக் காட்ட எங்களுக்குத் தெரியும். ஆனால் தொகை பேசாது. எங்கள் வீடுகளிலும் பேசாமல் இருக்கும் வயதான தாய்மார் உண்டு. அருகில் இருந்து கேட்போம்; அவர்கள் சம்மதித்தால் எழுதியும் வைப்போம்.