லேப்டாப்பில் சிக்கிய ஏர்பேக் கோளாறு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. லெட்டர் டைப் செய்தாயிற்று, போட்டோக்களை ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கியாயிற்று. இனி இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்கள் பலர். போன மாதம் என் வீட்டு லேப்டாப் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அது வேலை செய்த இடம் மேஜை அல்ல, காரின் முன் சீட்.

கோவையில் என் மகள் ஆபீஸ் போய்வர ஒரு பழைய கார் வாங்கினோம். இரண்டாவது வாரமே டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் பெரிய பந்து போல் ஒரு வட்டம். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு. கூடவே ஹாரன் சில சமயம் அடிக்கும், சில சமயம் அடிக்காது. "லைட் எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுதுப்பா, வண்டி நல்லாத்தானே ஓடுது" என்றாள் மகள்.

எனக்கு மனது கேட்கவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காரில் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைந்தால் எல்லாம் சரி. அணையாமல் நின்றால் ஏதோ ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் கார் எங்காவது மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. நம் நாட்டில் விற்கும் கார்களில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். அதை வைத்துக்கொண்டே பயனில்லாமல் ஓட்டுவது என்ன நியாயம்?

ஒரு கடையில் காட்டினேன். "ஒரு ரெசிஸ்டர் போட்டா லைட் ஆஃப் ஆயிருமுங்க சார், ஐநூறு ரூபாய்தான்" என்றார் அங்கிருந்தவர். அப்ப ஏர்பேக் என்றேன். "லைட்டுதானுங்களே பிரச்சினை?"

இந்தத் தந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏர்பேக்குக்குள் தீக்குச்சி முனை போல ஒரு சிறிய பற்றவைப்பான் இருக்கிறது. அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 2 ஓம்ஸ். கம்ப்யூட்டர் மிகச் சிறிய மின்சாரத்தை அந்தச் சுற்றில் அனுப்பி, இந்த 2 ஓம்ஸ் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். விபத்து நேரத்தில் மட்டும் ஓர் ஆம்பியருக்கு மேல், சில மில்லி செகண்டுகள் அனுப்பி அதை வெடிக்க வைக்கும். ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அதே 2 ஓம்ஸுக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்தால் கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும், விளக்கு அணைந்துவிடும். மோதினால் சூடாவது அந்த ரெசிஸ்டர் மட்டும்தான். ஐநூறு ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

காருக்கும் லேப்டாப்புக்கும் கேபிள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதற்கு ஓபிடி என்று பெயர். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 இருக்கிறது. இதில் செருக ஈஎல்எம்327 என்ற சிப் வகை அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நான் யுஎஸ்பி கேபிள் உள்ளதை வாங்கினேன். 16-வது துளையில் பேட்டரியின் 12 வோல்ட் வருவதால் அடாப்டருக்குத் தனி மின்சாரம் வேண்டாம்.

அடாப்டருடன் ஒரு குட்டி சிடி வந்தது. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இதுபோன்ற சிடிகளில் திருட்டு சாஃப்ட்வேரும், அதனுடன் இலவசமாக வைரசும் இருப்பதுண்டு. யுஎஸ்பியில் செருகியதும் விண்டோஸ் தானே டிரைவரைப் போட்டுக்கொண்டது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். எனக்கு காம் 4 என்று காட்டியது. கார் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். வேகம் என் அடாப்டருக்கு 38400. இவை இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் 'நாட் கனெக்டெட்' என்றே வந்துகொண்டிருக்கும். புதியவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அடாப்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

இலவச சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டினேன். 'பழுது எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது! விஷயம் இதுதான்: காரில் ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல இருக்கின்றன. பொதுவான ஓபிடி கட்டளைகள் புகை சம்பந்தப்பட்ட எஞ்சின் பழுதுகளை மட்டும்தான் கேட்கும். ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு ஹார்டு டிஸ்க் முழுவதும் சுத்தம் என்று சொல்வது போல. ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேச, அந்தக் காரின் தயாரிப்புக்கென்றே எழுதப்பட்ட சாஃப்ட்வேர் வேண்டும். உங்கள் கார் மாடலுக்கு ஏர்பேக் பகுதியைப் படிக்குமா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். நானும் பணம் கட்டித்தான் வாங்கினேன்.

இப்போது கோடு வந்தது: பி0001. பழுது கோடுகளில் எஞ்சினுக்கு ஒரு பி, பாடிக்கு ஒரு பி. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இது பாடி பி. பொருள்: டிரைவர் ஏர்பேக், முதல் நிலைச் சுற்று. கூடவே, ரெசிஸ்டன்ஸ் எல்லைக்கு மேல் என்று ஒரு குறிப்பு.

உடனே 'கிளியர்' பட்டனை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. மகளிடம் பெருமையாகச் சொன்னேன். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பியதும் மறுபடி எரிந்தது. எரர் மெசேஜில் ஓகே கொடுத்து மூடினால் கோளாறு போய்விடுமா?

எக்ஸெல் சொன்ன இடம்

கோடு சுற்றைத்தான் சொல்கிறது, எந்தப் பாகம் என்று சொல்லவில்லை. ஏர்பேக், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஸ்பைரல் கேபிள், கீழே போகும் வயரிங், கம்ப்யூட்டர் என்று நான்கில் எதுவும் இருக்கலாம். ஏர்பேக்கையே மாற்றச் சொல்லிவிட்டால் செலவு மிக அதிகம்.

திரும்பும்போது எரிந்தது என்பது முதல் துப்பு. ஹாரன் அவ்வப்போது வேலை செய்யாதது இரண்டாவது. சுழலும் ஸ்டீயரிங்குக்கும் சுழலாத காருக்கும் நடுவே, கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டிய தட்டையான ஒரு ரிப்பன் கேபிள் இருக்கிறது. என் காரில் ஏர்பேக், ஹாரன் இரண்டின் வயரும் அதன் வழியாகத்தான் போகின்றன.

சாஃப்ட்வேரில் 'லைவ் டேட்டா' பகுதியில் டிரைவர் ஏர்பேக் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் தெரிந்தது. எல்லாக் கார்களிலும் இது தெரிவதில்லை. என் அதிர்ஷ்டம். காரை போர்ட்டிகோவில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் மகளிடம் கொடுத்தேன். லேப்டாப்பை ஸ்டீயரிங்குக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 'ரெக்கார்டு' கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை மெதுவாகக் கடைசி வரை வலப்பக்கம், பிறகு கடைசி வரை இடப்பக்கம் திருப்பினேன்.

பதிவான சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் திறந்தேன். எல்லா எண்ணும் ஒரே காலத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கொடுத்து, கமாவைக் குறியுங்கள், பிரிந்துவிடும். பிறகு இன்சர்ட், லைன் சார்ட். நேராக இருந்தபோது 2.3 ஓம்ஸ். வலப்பக்கம் முழுவதும் அதே 2.3. இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று தாண்டியதும் கோடு மலை போல ஏறி, சில இடங்களில் எண்ணே இல்லை. திரும்ப நேராக்கினால் மறுபடி 2.3. ஏர்பேக்குக்குள் பழுது என்றால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"இனிமே நான் இதை எடுத்துட்டுப் போகலைப்பா" என்றாள் மகள், படத்தைப் பார்த்துக்கொண்டே.

இங்கேயே நான் நிறுத்திக்கொண்டேன். நீங்களும் நிறுத்திவிடுங்கள். மல்டிமீட்டர் கையில் இருக்கிறதே, ஏர்பேக்கின் முனைகளில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. ஓம்ஸ் அளக்கும்போது மீட்டர் தானே ஒரு மின்சாரத்தை அனுப்புகிறது. அதுவே பற்றவைத்துவிடலாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டரும் பேட்டரியைக் கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் சார்ஜை வைத்திருக்கும், விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக.

பிரிண்ட் எடுத்த படத்துடன், ஏர்பேக் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொன்ன நேரம் காத்திருந்தார். ஏர்பேக்கைக் கழற்றி, மூடி மேலே இருக்கும்படி தனியாகத் தரையில் வைத்தார். அதன் மஞ்சள் கனெக்டரைக் காட்டி, "புடுங்கினதும் உள்ளே இருக்கற சின்னத் தகடு ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சுக்கும் சார், ஸ்டேட்டிக் கரண்ட்ல வெடிக்காம இருக்க" என்றார்.

பிறகு பையிலிருந்து எடுத்தார் ஒரு 2 ஓம்ஸ் ரெசிஸ்டர்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இவர் அதைச் சோதனைக்கு மட்டும் வைத்தார். முதலில் ஏர்பேக் இருந்த இடத்தில். பேட்டரியை மாட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பழுது அப்படியே வந்தது. ஆக ஏர்பேக் மேல் குற்றமில்லை. மறுபடி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, ரெசிஸ்டரை ஸ்பைரல் கேபிளுக்குக் கீழே உள்ள கனெக்டரில் வைத்தார். எத்தனை திருப்பினாலும் 2.0-ஐ விட்டு நகரவில்லை. வயரிங்கும் கம்ப்யூட்டரும் நல்லவை. நடுவில் இருந்த கேபிள் மாட்டிக்கொண்டது. மானிட்டர் தெரியாதபோது வேறு மானிட்டரை மாட்டிப் பார்க்கிறோமே, அதே முறைதான். ரெசிஸ்டர் திரும்பவும் பைக்குள் போனது.

பழைய ஸ்பைரல் கேபிளைப் பிரித்துக் காட்டினார். ரிப்பன் ஓர் இடத்தில் மடிந்து, செம்பு விரிசல் விட்டிருந்தது. யாரோ முன்பு ஸ்டீயரிங்கைக் கழற்றி, கேபிளை நடுநிலைக்குக் கொண்டுவராமல் மாட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போதெல்லாம் இழுபட்டிருக்கிறது. புதியது நாலாயிரத்துச் சொச்சம், கூலி தனி.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் விளக்கையே துண்டித்திருக்கலாம். ரெசிஸ்டர் வைத்த கார் என்றால் விளக்கு ஒழுங்காகவே எரிந்து அணையும். அதனால் ஸ்டீயரிங் மூடிக்குள் ஏர்பேக் இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி ரெக்கார்டு போட்டேன். இரண்டு பக்கமும் 2.3. 'கார்' என்ற ஃபோல்டரில் பழைய படத்தையும் புதிய படத்தையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஹாரன் இப்போது நன்றாக அடிக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அடிக்கிறாள்.