கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க அதுதான் வசதி என்றவர்களும் உண்டு. அன்று முப்பது வயதில் பெடல் மிதித்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளையோ பிழைப்புக்காகச் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூறில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இன்றைய குடும்பங்களில் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாசம் இருந்தால் போதும் என்று நாம் நம்புகிறோம். போதாது, அது பழகிக்கொள்ள வேண்டிய வேலை. பக்கவாதம் வந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்தே கஞ்சி ஊட்டுவதும் பாசத்தால்தான். புரையேறி அந்தக் கஞ்சி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் முடியலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொடுத்து, சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கையைப் பிடித்து இழுத்துப் புரட்டினால் அவருக்குத் தோள்பட்டை போகும், நமக்கு இடுப்பு போகும். அடியில் மடித்து விரித்த துணியைப் பிடித்து இழுத்தால் எளிது.

'பெற்ற தாய்க்குச் செய்ய டிரெய்னிங் வேறா?' என்று கேட்பார்கள். பெற்ற பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றவும் ஒரு பாட்டிதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டுக்குடும்பத்தில் பார்த்துப் பார்த்தே படிந்த பழக்கம் இது. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது யாரைப் பார்த்துப் பழகுவது?

'அதற்குத்தான் அரசு இருக்கிறதே' என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. கைவிட்ட பிள்ளைகள் மீது 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப்போட எந்த உத்தரவும் வராது. அந்த வேலை பெரும்பாலும் ஊரில் இருக்கும் ஒரு மருமகள் அல்லது மகளின் தலையில்தான் விழுகிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் தன் கணக்கு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான், என் பார்வையில், பெரிய பிழை.

அந்த ஒருவருக்குக் கைகொடுக்க வெளியாட்களை நம்பி வீட்டுக்குள் விடுவதா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் வருகிறவர் வெளியாளாக இருக்க வேண்டியதில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு வலி நிவாரண கிளினிக்காகத் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பழக்கி வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. புதுக்கோட்டைக்கு இது புதிதும் இல்லை. சம்பளம் வாங்காமல் ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்த தொண்டர்கள் இதே ஊர்க்காரர்கள்தான். மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் தவணைப் பேச்சு முடிந்த பின் அரைமணி நேரம் ஒதுக்கினால், துணி மடித்துப் புரட்டுவதைக் கிராம சுகாதார செவிலியர் செய்தே காட்டிவிடலாம்.

அதுவரை, பொங்கலுக்கு லீவில் வருகிறவர் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிட்டுப் போகலாம். இருக்கும் நாட்களுக்கு ராத்திரி முறையைத் தான் எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் புரட்டுவது என்று தெரியாவிட்டால், வருஷம் முழுக்கச் செய்கிற அண்ணியிடமே கேட்டுக்கொள்ளலாம்.